கானாடுகாத்தானில் எடுத்த பாஸ்போர்ட் நகலுக்கு எந்த நாட்டுச் சட்டம்?

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் பழைய வீடொன்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு செல்போன். பாரிஸிலிருந்து வந்த தம்பதி பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்கள். மேசையில் இருக்கும் பையன் அதைப் படம் எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். கணக்கு பார்ப்பவருக்கும் ஒன்று தட்டிவிடுகிறான். வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபாரம் போட வேண்டுமே! இருபது விநாடி வேலை. அந்தப் படம் இப்போது மூன்று போன்களின் கேலரியில் இருக்கிறது. கேலரி தானாகவே கிளவுடில் ஏறும்படி வைத்திருந்தால் அங்கேயும் இருக்கிறது. விருந்தினர் ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆனாலும் அதை அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும். விதிகள் வந்த பிறகு இரண்டு விதப் பேச்சு காதில் விழுகிறது. ஒன்று, ‘250 கோடி அபராதமாம்’ என்ற பயமுறுத்தல். மற்றது, ‘ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்தான் இருப்பதிலேயே கடுமை, அதன்படி வெப்சைட்டில் ஓர் அறிவிப்புப் பக்கம் போட்டுவிட்டால் எல்லா நாட்டுக்கும் சேர்த்துச் சரியாகிவிடும்’ என்ற சமாதானம். முதல் பேச்சு பாதி உண்மை. இரண்டாவது தவறு. அது ஏன் தவறு என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் மூன்று சொற்கள்

தனிநபர் தரவு என்பது ஓர் ஆளை இன்னார் என்று காட்டக்கூடிய எந்தத் தகவலும். பெயர், போன் நம்பர், முகம் தெரியும் படம், பிறந்த நேரம் போட்ட ஜாதகம் எல்லாம் இதில் அடக்கம். அது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அந்தத் தகவல் யாரைப் பற்றியதோ அவர் தரவுக்கு உரியவர். அதை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் தரவுப் பொறுப்பாளர். அவர் சொன்னபடி வேலையை மட்டும் செய்து தருபவர் செயலாக்குநர். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. என்ன தொழில், எந்த ஊர் என்று முடிவெடுப்பவர் முதலாளி. அந்த வரம்புக்குள் ரங்கூனில் உட்கார்ந்து கடையை நடத்தியவர்கள் மேலாளும் அடுத்தாளும். ஒரே நிறுவனம் ஒரு வேலைக்குப் பொறுப்பாளராகவும் இன்னொரு வேலைக்குச் செயலாக்குநராகவும் இருக்கலாம். எந்த வேலைக்கு எந்த வேடம் என்று தெரியாமல் சட்டங்களை ஒப்பிடத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கிட்டங்கிக் காலத்துக் கணக்கு இப்போது உதவாது

அந்தக் காலத்தில் விஷயம் எளிது. நகரத்தார் வட்டிக்கடைகள் இருந்த கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் பெட்டி வைத்து உட்கார்ந்தால் அந்த ஊர்ச் சட்டம். கொழும்பு செட்டியார் தெருவில் கடை போட்டால் இலங்கைச் சட்டம். கடை எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணின் சட்டம், அவ்வளவுதான்.

இன்று காரைக்குடியை விட்டு நகராமலே மூன்று நாட்டுச் சட்டத்தில் சிக்கலாம். ஆனால் ஒவ்வொரு சட்டமும் கையை நீட்டும் தூரம் வேறு. ஒப்பிட வேண்டிய முதல் இடம் இதுதான். அபராதத் தொகையெல்லாம் அப்புறம்.

1. ஐரோப்பா. ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் ஆட்களைக் குறிவைத்துப் பொருளோ சேவையோ விற்றால், விற்பவர் உலகத்தில் எங்கிருந்தாலும் அது பிடிக்கும். வெப்சைட் அங்கே திறக்கிறது என்பது மட்டும் போதாது. யூரோவில் விலை, பிரெஞ்சில் ஒரு பக்கம், ‘ஜெர்மனிக்கும் அனுப்புவோம்’ என்ற வாசகம், இப்படி அந்த ஆட்களை அழைக்கும் அடையாளம் வேண்டும்.

2. சிங்கப்பூர். அங்கே தரவைச் சேகரித்தாலோ பயன்படுத்தினாலோ வெளியிட்டாலோ, நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானதா என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பதில்லை. இதில் விளம்பரத் தடைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ‘எனக்கு விளம்பரம் அனுப்பாதே’ என்று பதிந்துகொண்ட சிங்கப்பூர் நம்பர்கள் அதில் இருக்கும். தேன்குழலும் மனகோலமும் விற்கும் காரைக்குடிக் கடை, ‘தீபாவளி ஆர்டர் ஆரம்பம்’ என்று சிங்கப்பூர் நம்பர்களுக்கு மொத்தமாக வாட்ஸ்அப் அடிக்குமுன் இதைப் பார்க்க வேண்டும். செய்தியைப் படிப்பவர் சிங்கப்பூரில் இருந்தாலே போதும், அந்த விதி பொருந்தும்.

3. மலேசியா. இங்கே பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. 2010ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியாவில் நிறுவப்பட்டவர்களையும் அங்கே உள்ள கருவிகளைக் கொண்டு தரவைக் கையாள்பவர்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. அதுவும் வணிகக் காரியங்களில் மட்டும். காரைக்குடியிலிருந்து பினாங்குக்குப் பலகாரப் பார்சல் அனுப்புபவரை அது தொடாது. அங்கே உறவினர் பெயரில் கிளை திறந்தால் கதை மாறும்.

4. இந்தியா. இங்கே கையாளப்படும் டிஜிட்டல் தரவு எல்லாமே வரம்புக்குள். பிரெஞ்சுக்காரருடையதா தேவகோட்டைக்காரருடையதா என்று பேதம் இல்லை.

இலங்கை 2022லேயே தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் 2025 மார்ச்சில் அமலாக வேண்டிய பகுதிகளைத் தள்ளிப்போட்டது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் இன்னும் கிடையாது. கலிஃபோர்னியாவின் சட்டம் கோடிக்கணக்கான டாலர் வருமானம், ஒரு லட்சம் பேரின் தரவு என்ற அளவில் தொடங்குவது. கண்டாங்கிச் சேலைக் கடைக்கு எட்டாத உயரம்.

இதில் குடியுரிமைக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொச்சியில் இறங்கி, ஊர் சுற்றிக்கொண்டே வந்து, முன்பதிவு இல்லாமல் கானாடுகாத்தானில் அறை கேட்கும் பிரெஞ்சுக்காரரை ஜிடிபிஆர் பின்தொடர்வதில்லை. பெர்லினில் படித்துக்கொண்டு, யூரோவில் விலை போட்ட உங்கள் பக்கத்தில் கண்டாங்கி வாங்கும் பள்ளத்தூர்ப் பெண்ணுக்கு ஜிடிபிஆர் பாதுகாப்பு முழுசாக உண்டு.

ஐரோப்பியப் படிவம் எங்கே உதைக்கும்

சரி, யூரோவில் விலை போட்டு, பாரிஸ் தம்பதி அங்கிருந்தே முன்பதிவு செய்யும்படி விடுதி நடத்துபவருக்கு ஐரோப்பியச் சட்டமும் இந்தியச் சட்டமும் இரண்டும் பொருந்துகின்றன. கடுமையானதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக அடங்கிவிடுமா? அடங்காது. எது கடுமை என்பது விஷயத்துக்கு விஷயம் மாறுகிறது.

1. காரணம். தரவைக் கையில் வைத்திருக்க ஜிடிபிஆர் ஆறு நியாயங்களை ஏற்கிறது: சம்மதம், ஒப்பந்தம், சட்டக் கடமை, உயிர்காப்பு, பொதுப்பணி, நியாயமான நலன். கடைசியாகச் சொன்னதுதான் வியாபாரிகளுக்கு வசதியானது. ‘பழைய வாடிக்கையாளர், அவருக்கு ஒரு தகவல் அனுப்புவதில் எனக்கு நியாயமான தேவை இருக்கிறது’ என்று வாதாட அதில் இடம் உண்டு. இந்தியச் சட்டத்தில் அந்த வாசல் கிடையாது. சம்மதம், இல்லாவிட்டால் சட்டமே வரிசைப்படுத்தியிருக்கும் சில காரியங்கள். அறை பதிவுக்கென்று அவரே தந்த நம்பரை அறை பதிவுக்குப் பயன்படுத்தலாம். அதே நம்பருக்குப் பொங்கல் தள்ளுபடி அனுப்பத் தனிச் சம்மதம் வேண்டும்.

பாஸ்போர்ட் விஷயம் இன்னும் சுவாரசியம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் போக வேண்டும் என்பது இந்தியச் சட்டம். எனவே இந்தியக் கணக்கில் அது சட்டக் கடமை, சம்மதம் தேவையில்லை. ஐரோப்பியக் கணக்கில் ‘சட்டக் கடமை’ என்றால் ஐரோப்பிய ஒன்றியமோ அதன் உறுப்பு நாடோ போட்ட சட்டம். இந்தியச் சட்டம் அதில் சேராது. அங்கே இதை ‘நியாயமான நலன்’ என்றுதான் எழுத வேண்டும். ஒரே பாஸ்போர்ட், ஒரே மேசை, ஆனால் எழுதவேண்டிய காரணம் இரண்டு. இந்த ஒரு வரியில் தவறினால் காப்பியடித்த பக்கம் இரண்டு நாட்டிலும் நிற்காது. அந்தப் படத்தைக் கணக்கு பார்ப்பவருக்குத் தட்டிவிட்டதற்கோ, எந்த நாட்டுச் சட்டத்திலும் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

2. வயது. ஐரோப்பாவில் இணையச் சேவைக்குத் தாமே சம்மதம் தரும் வயது 16. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 13. இந்தியாவில் 18. பதினேழு வயதுப் பையன் ஆன்லைன் டியூஷனில் சேர்ந்தால், சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும். அவன் எதைப் பார்க்கிறான் என்று பின்தொடர்ந்து விளம்பரம் காட்டவும் கூடாது. ‘பதினாறு வயதுக்கு மேற்பட்டவன்’ என்று ஒரு டிக் போடச் சொல்லும் ஐரோப்பியப் படிவம் தேவகோட்டையில் செல்லாது.

3. மொழி. தரவை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பை இந்தியாவில் ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும்; தமிழ் அதில் ஒன்று. மலேசியாவில் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் தர வேண்டும். ஐரோப்பாவில் புரியும்படி எளிய மொழியில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. விளைவு: பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அழகாக ஒரு பக்கம் வைத்திருக்கும் விடுதி, மதுரையிலிருந்து வரும் குடும்பத்துக்குத் தமிழில் ஒன்றும் வைக்காமல் விட்டிருக்கும்.

4. ஏற்கெனவே ஊரறிந்த தகவல். ஒருவர் தாமாகவே பொதுவெளியில் போட்ட தகவலை இந்தியச் சட்டம் கண்டுகொள்வதில்லை. ஐரோப்பாவில் அதுவும் வரம்புக்குள்தான். இந்த ஒரு இடத்தில் நம் சட்டம் தேவைக்கு மேல் தாராளமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

போன் தொலைந்தால்

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில் அந்த வரவேற்புப் போன் தொலைந்துபோகிறது. திரைப் பூட்டு இல்லை. உள்ளே நாற்பது பாஸ்போர்ட் படங்கள்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ‘சின்னது, பெரியது’ என்ற அளவுகோலே கிடையாது. 2027 மே மாதத்துக்குப் பிறகு நடந்தால், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தாமதமின்றித் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். நாற்பது பேருக்கும் தனித்தனியே சொல்லவும் வேண்டும். ஹேக்கிங் போன்ற சைபர் சம்பவம் என்றால் இன்னொரு கடிகாரமும் ஓடும்: செர்ட்‑இன் என்ற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022லிருந்தே இருக்கிறது.

ஐரோப்பாவில் கண்காணிப்பு ஆணையத்துக்கு 72 மணி நேரம்; ஆட்களுக்கு ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்றால் அதுவும் வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்வது ஆபத்து பெரிதாக இருந்தால்தான். பூட்டில்லாத போனில் பாஸ்போர்ட் என்றால் அது பெரிய ஆபத்து என்றே கொள்ள வேண்டும்; சங்கேதமாக்கிப் பூட்டிய போன் என்றால் தப்பிக்க வழி உண்டு. சிங்கப்பூரில் 500 பேர் அல்லது கணிசமான தீங்கு என்பது வாசற்படி. அறிவிக்க வேண்டியதுதான் என்று முடிவான 3 நாளுக்குள் சொல்ல வேண்டும். மலேசியாவில் 2025 ஜூன் முதல் ஆணையருக்கு 72 மணி நேரம், அதன் பின் 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கு.

‘ஜிடிபிஆர்தான் கடுமை’ என்ற சமாதானம் இங்கே உடைந்தே போகிறது. கசிவு விஷயத்தில் மிகக் கறாரான வரி இந்தியாவுடையது.

புள்ளிக் கணக்கும் ஜாதகமும்

நகரத்தார் ஒன்பது கோயில்களில் கல்யாணமான தம்பதியை ஒரு ‘புள்ளி’யாகப் பதிந்து வரி வாங்குவது பழைய வழக்கம். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. யார் எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டுப் பெண்ணைக் கட்டியது என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த தனிநபர் தரவு அது. இதைச் சட்டம் எப்படிப் பார்க்கும்?

கெட்டி அட்டை போட்ட நோட்டில் இருக்கும்வரை இந்தியச் சட்டத்துக்கு அது கண்ணில் படாது. டிஜிட்டல் தரவையும் பிறகு டிஜிட்டலாக்கிய தரவையும் மட்டும்தான் அது பார்க்கிறது. யாராவது ஆர்வமாக உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றிய நாளிலிருந்து அது வரம்புக்குள் வந்துவிடும். ஐரோப்பாவில் அப்படியில்லை, ஒழுங்குபடுத்தி வைத்த காகிதக் கோப்பும் சட்டத்துக்கு உட்பட்டது. சிங்கப்பூரிலும் காகிதம் தப்பாது.

வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் அத்தை தன் மருமகனுக்காக ஒரு பயோடேட்டாவைப் பகிர்வது வீட்டுக் காரியம், சட்டம் தலையிடாது. அதே பயோடேட்டாக்களை ஒருவர் தொகுத்து, சந்தா வாங்கி, சிங்கப்பூர், மலேசியா, லண்டன் குடும்பங்களுக்கு அனுப்பத் தொடங்கினால் அவர் தரவுப் பொறுப்பாளர். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. மதம், இனம், உடல்நிலை ஆகியவற்றை ஐரோப்பா தனிவகைத் தரவாக வைத்துக் கூடுதல் காவல் போடுகிறது. மலேசியாவிலும் மத நம்பிக்கையும் உடல்நிலையும் அப்படியே. இந்தியாவின் 2019 மசோதாவில் சாதி, மத நம்பிக்கை எல்லாம் கூடுதல் காவல் வேண்டிய நுண்ணிய தரவு என்று இருந்தது. 2023 சட்டத்தில் அந்த வகையே எடுக்கப்பட்டுவிட்டது. இங்கே ஜாதகமும் போன் நம்பரும் ஒரே தட்டில்.

2. சிங்கப்பூர் வரனிடம் அடையாள அட்டை நம்பர் கேட்கும் பழக்கத்தை விட வேண்டும். சட்டம் கேட்கச் சொன்னாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர அதை வாங்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் முதல் அங்கே வழிகாட்டல் இருக்கிறது.

3. காலமானவர்கள். ஜிடிபிஆர் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும். சிங்கப்பூரில் இறந்து 10 ஆண்டுவரை ஓரளவு பாதுகாப்பு தொடரும். இந்தியாவில் வேறு வழி: பாங்க் கணக்குக்குப் போடுவதுபோல, தமக்குப் பின் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம்.

லண்டன் கணக்கை இங்கே எழுதும் அலுவலகம்

விடுதிக்கும் வரன் தொகுப்புக்கும் அடுத்து இது மூன்றாவது ரகம். பிரிட்டன் நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்கு போட்டுக் கொடுக்கும் காரைக்குடி அலுவலகம் வெறும் செயலாக்குநர். வெளிநாட்டு ஒப்பந்தத்தின்கீழ், இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களின் தரவைக் கையாளும் இப்படிப்பட்ட வேலைக்கு இந்தியச் சட்டம் பெரிய விலக்கு தருகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் போன்ற சில கடமைகள் மட்டும் தொடரும். சம்மதம், அறிவிப்பு பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை.

கட்டுப்பாடு ஒப்பந்தம் வழியாக வந்து சேரும். போதுமான பாதுகாப்புள்ள நாடு என்ற அங்கீகாரத்தை ஐரோப்பிய ஒன்றியமோ பிரிட்டனோ இந்தியாவுக்குத் தரவில்லை. அதனால் தரவை இங்கே அனுப்புபவர் நிலையான ஒப்பந்தப் பிரிவுகள் எனப்படும், முன்பே வகுத்துவைத்த ஒப்பந்த வாசகத்தில் உங்கள் கையெழுத்தை வாங்குவார். நாற்பது பக்கம் இருக்கும். பலர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் பின்னிணைப்பில்தான் சரக்கு இருக்கிறது: எந்தத் தரவு, எத்தனை நாள், யாருக்குப் பார்க்க அனுமதி, துணைக்கு யாரை அமர்த்தலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இரண்டு பேரை அதில் சொல்லாமல் விட்டால் ஒப்பந்த மீறல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அபராதம், சுருக்கமாக

இந்தியாவில் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமைக்கு 250 கோடி ரூபாய் வரை. கசிவை அறிவிக்காததற்கும் குழந்தைகள் விதியை மீறியதற்கும் 200 கோடி வரை. எல்லாம் உச்சவரம்பு, மீறலின் தன்மையையும் விளைவையும் எடைபோட்டுத்தான் வாரியம் தொகையை முடிவுசெய்ய வேண்டும். ஐரோப்பாவில் 2 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 4%, எது அதிகமோ அதுவரை. சிங்கப்பூரில் 10 லட்சம் டாலர் வரை. அங்குள்ள விற்றுமுதல் 1 கோடி டாலரைத் தாண்டியவர்களுக்கு அதில் 10% வரையிலும் போகலாம். மலேசியாவில் சிறையும் உண்டு.

தொகையைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் பாதிக்கப்பட்ட ஆள் நஷ்டஈடு கேட்கலாம். இந்தியாவில் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். 2023 சட்டத்தில் ஆளுக்கு நஷ்டஈடு தரும் பிரிவு இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அதற்கிருந்த 43ஏ பிரிவையும் இது நீக்கச் சொல்கிறது.

ஒரு பேரேடு போதும்

வக்கீலிடம் போகுமுன் செய்ய வேண்டியது, பழைய கடைகளில் செய்ததுதான்: பேரேடு. ஒவ்வொரு வகைத் தரவுக்கும் ஒரு வரி. யாருடையது, அவர் இருந்த நாடு எது, நாம் பொறுப்பாளரா செயலாக்குநரா, இந்தியச் சட்டப்படி என்ன காரணம், மற்ற நாட்டுச் சட்டப்படி என்ன காரணம், எங்கே இருக்கிறது, என்றைக்கு அழிப்போம். இந்தியச் சட்டத்தை அடித்தளமாக வைத்து, பொருந்தும் நாட்டுக்கு மட்டும் மேலே கட்டினால் போதும். மலேசியா பொருந்தாது என்று தெரிந்த கடை அதற்காக மலாய் அறிவிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

பேரேட்டின் கடைசிப் பத்தியில் ஒரு முடிச்சு விழும். பாரிஸ் தம்பதி ஊருக்குப் போய், ‘எங்கள் தகவலை அழித்துவிடுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். ஜிடிபிஆர்படி தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இந்திய விதிகளோ, அரசு கேட்டால் தருவதற்காகத் தரவையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. ‘எங்கள் நாட்டுச் சட்டம் வைத்திருக்கச் சொல்கிறது’ என்பது ஐரோப்பியச் சட்டத்தில் நேரடி விலக்கு ஆகாது.

இரண்டையும் முழுசாகத் திருப்திப்படுத்தும் வழி இல்லை. நடைமுறையில் செய்யக்கூடியது: மூன்று போன்களிலும் கிளவுடிலும் இருக்கும் படத்தை அன்றே அழித்து, இந்திய விதி கேட்கும் ஒரே ஒரு நகலை மட்டும் கடவுச்சொல் போட்ட கோப்புறையில் ஒதுக்கி, வேறு எதற்கும் தொடாமல் வைப்பது. தம்பதிக்கு அதை ஒளிக்காமல் எழுதுவது: எதை அழித்தோம், எதை வைத்திருக்கிறோம், எந்த விதிக்காக, எந்தத் தேதியில் அதையும் அழிப்போம். அந்தத் தேதி வரவேற்பு மேசையின் காலண்டரிலும் குறித்திருக்க வேண்டும்.